பித்தளைன்னா புளிதானே?

போன வருஷம் அம்மா வந்திருந்தாங்க. ஒரு சனிக்கிழம சாயங்காலம் நான் கராஜ்ல பழைய துண்டு ஒண்ண விரிச்சு, அன்னைக்கு சுட்ட காலித் தோட்டாவெல்லாம் அதுமேல வரிசையா நிறுத்தி வெச்சுட்டு கையில டூத் பிரஷ்ஷோட உக்காந்திருந்தேன். அம்மா கதவுகிட்ட நின்னு கொஞ்ச நேரம் பாத்தாங்க. அவங்க கும்பகோணத்துப் பக்கம், நாச்சியார்கோவில் விளக்குக்கு நடுவுல வளந்தவங்க, பித்தளைய தூரத்துல இருந்தே மோப்பம் புடிச்சிடுவாங்க.

"இது பித்தளைதானடா?"

"ஆமாம்மா."

"பித்தளைன்னா புளிதானே? இதுக்குப் போயி பல்லு வெளக்கி விட்டுட்டிருக்க?"

அதுக்கு நான் சொன்ன பதில அம்மா கேட்டு முடிக்கல, உள்ள போயிட்டாங்க. அந்த முழு பதிலத்தான் இங்க எழுதறேன்.

நான் இருக்கறது கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல. கிரீன் கார்டு வந்தப்புறம், ஆபீஸ்ல கூட வேல பாக்கற ஒருத்தர் ஒரு ஞாயித்துக்கிழம ரேஞ்சுக்கு, அதான் துப்பாக்கி சுடற மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. எல்லாரும் நினைக்கற மாதிரி டப டப டபன்னு சுடற எடம் இல்ல அது. வெள்ளத் தாடி வெச்ச பெரியவங்க நாலஞ்சு பேரு, 1870கள்ல இருந்த துப்பாக்கியோட மறுபதிப்ப வெச்சுக்கிட்டு, ஒரு குண்டு சுட்டு, பொக ஒதுங்கற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் துப்பாக்கியோட பின்பக்கமா ஒரு குழாய சொருகி ஃபூ ஃபூன்னு மூச்ச ஊதிட்டிருந்தாங்க. வாயில இருக்கற ஈரம் துப்பாக்கிக் குழலுக்குள்ள படிஞ்ச கரிய இளக வைக்குமாம். நம்ம ஊர்ல அடுப்பு ஊதற மாதிரியே இருந்துச்சு.

அப்புறம் அந்த வாசன. கருமருந்து எரிஞ்ச வாசன. வெடியுப்பு, கரி, கந்தகம், அவ்வளவுதான் சமாச்சாரம். அத மோந்ததும் எனக்கு எங்க தெரு, எண்ணெ தேச்ச தல, விடியக்காலம் அஞ்சு மணி தீபாவளி எல்லாம் வந்துடுச்சு. அன்னைக்கே மாட்டிக்கிட்டேன்.

நான் சுடறது 45-70. அமெரிக்க ராணுவம் 1873ல எடுத்துக்கிட்ட தோட்டா. 45ங்கறது குண்டோட விட்டம், இன்ச்சுல நூத்துல 45 பங்கு. 70ங்கறது உள்ள போடற கருமருந்து 70 கிரெயின், நம்ம கணக்குல நாலரை கிராம். எங்க ஊர்ல இருந்து தெக்க ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டினா நியூ மெக்சிகோவுல ராட்டன்னு ஒரு சின்ன ஊரு, அங்க விட்டிங்டன் சென்டர்னு பெரிய மைதானம். இந்தப் பழைய துப்பாக்கிக்காரங்களோட தேசியப் போட்டி அங்கதான் நடக்கும். இரும்புத் தகட்டுல வெட்டின கோழி 200 மீட்டர்ல, பன்னி 300ல, வான்கோழி 385ல, ஆட்டுக்கிடா 500ல. குண்டு பட்டு தகடு சாஞ்சா பாயின்ட்டு. இந்த விளையாட்டே மெக்சிகோவுல இருந்து வந்தது, அங்க ஆரம்பத்துல நிஜக் கோழி நிஜ ஆட்டையே நிக்க வெச்சு சுட்டாங்களாம், நல்லவேள நான் அந்தக் காலத்துல இல்ல.

சரி, பித்தளைக்கு வர்றேன். சுட்டு முடிச்ச காலி உறைய தூக்கிப் போடறதில்ல, திரும்ப நெரப்பி சுடுவோம், அதுக்குத்தான் இந்த சுத்தம் பண்ற வேல.

இப்ப எல்லாரும் உபயோகிக்கற பொகையில்லாத மருந்து கிட்டத்தட்ட முழுசா வாயுவா மாறிடும். கருமருந்து அப்படி இல்ல, எடையில பாதிக்கு மேல திடமாவே நின்னுடும். அதுல கொஞ்சம் பொகையா பறக்கும், மிச்சம் குழல்லயும் காலித் தோட்டாவுக்குள்ளயும் கறுப்பா அப்பிக்கும். அந்தக் கறுப்புல என்ன இருக்குன்னு பாத்தா முக்கியமா பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்ஃபைடு. மொத ஆளு யாருன்னு பாருங்க, விறகுச் சாம்பல்ல இருக்கற அதே காரம். ஆத்தா காலத்துல எந்தச் சாம்பல வெச்சு பாத்திரம் தேச்சாங்களோ அதே உப்புதான் இங்க அழுக்கா உக்காந்திருக்கு. இது தண்ணியப் பாத்தா ஓடிடும், அதனால பிரச்சன இல்ல. ஆனா காத்துல இருக்கற ஈரத்தையும் இழுத்துக்கும், அதான் பிரச்சன. மூணாவது ஆளு சல்ஃபைடு இருக்கே, அவன்தான் வில்லன், வெள்ளிக் கொலுச கறுக்க வைக்கற அதே வேலய பித்தளைலயும் பண்ணுவான். ஈரம் கெடச்சதும் பித்தளையில இருக்கற செம்ப கடிச்சு கறுப்புத் திட்டா மாத்திடுவான், அப்புறம் எந்த வீட்டுப் புளிப்புக்கும் அவ்வளவு லேசுல அசைய மாட்டான்.

இதெல்லாம் தெரியறதுக்கு முன்னாடி மொத தடவ நான் என்ன பண்ணேன்னா, சுட்ட நாப்பது தோட்டாவயும் ஒரு ஜிப் கவர்ல போட்டு இறுக்க மூடி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு ஷெல்ஃபுல வெச்சேன். எங்க ஊரு காஞ்ச ஊரு, ஒதடு வெடிக்கற ஊரு, என்ன ஆகப் போகுதுன்னு ஒரு நெனப்பு. கவருக்குள்ள இருந்த கொஞ்சூண்டு ஈரமே போதுமானதா இருந்துச்சு. பத்து நாள் கழிச்சு தெறந்தா வாய்ப்பக்கம் பச்சையா களிம்பு, உள்ள கறுப்புத் திட்டு, பிரைமர் (தோட்டாவோட அடியில இருக்கற, மருந்துக்கு நெருப்பு வெக்கற சின்ன மூடி) உக்கார்ற குழியில உப்பு கட்டி தட்டி பிரைமரே வெளிய வரமாட்டேங்குது. தேச்சு எடுத்தப்புறம் வெளிச்சத்துல பாத்தா ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்ன பள்ளம். ஒரு பித்தள ஒரு டாலருக்கு மேல, ஒழுங்கா வெச்சுக்கிட்டா பத்து இருவது தடவ திரும்பத் திரும்ப நெரப்பலாம். நான் ஒரே தடவையில காலி பண்ணேன்.

பச்சக் களிம்புன்னதும் ஒரு கத. 1876ல லிட்டில் பிக்ஹார்ன்ங்கற எடத்துல அமெரிக்கப் பழங்குடிகளோட நடந்த சண்டையில, அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரோட படை அழிஞ்சப்போ, தோட்டா சிக்கிக்கிட்டதுதான் காரணம்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க. அப்ப ராணுவத்துத் தோட்டாவோட உறை பித்தளை இல்ல, செம்பு. செம்பு மெத்துன்னு இருக்கும், அத தோல் பெல்ட்டுல சொருகி வெச்சா தோலு பதப்படுத்தின புளிப்புல பச்ச பூத்துடும், சூடான துப்பாக்கிக்குள்ள போயி ஒட்டிக்கும். 1983ல அந்த மைதானத்துல காட்டுத்தீ வந்து புல்லெல்லாம் எரிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் தொல்லியல்காரங்க போயி அலசினாங்க. கெடச்ச உறைகள்ல நெம்பி எடுத்த கீறல் இருந்தது ரொம்ப ரொம்ப கொஞ்சம். ஆக கஸ்டர் தோத்ததுக்குக் களிம்ப மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா ராணுவம் பின்னாடி பித்தளைக்கு மாறிடுச்சு.

ரேஞ்சுல ஒரு பெரியவர் இருக்காரு, எழுவத்தஞ்சு வயசு இருக்கும். என்னோட பச்சப் பித்தளைய கையில வாங்கிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம அவரு வண்டிக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனாரு. சலவத் தூள் வர்ற பெரிய வாயி வெச்ச பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, பாதி தண்ணி, அதுல ரெண்டு அமுக்கு பாத்திரம் கழுவற சோப்பு. சுட்டு முடிச்சு அங்கயே மேஜ மேல கைக்கருவியால பிரைமர தட்டி எடுத்துட்டு, பித்தளைய டொப்பு டொப்புன்னு டப்பாக்குள்ள போட்டு மூடி இறுக்கிடுவாரு. வீட்டுக்குப் போற அம்பது மைல் ரோடு குலுக்கற குலுக்கல்ல முக்காவாசி வேல முடிஞ்சிடுமாம். "மெஷின் எதுக்கு, என்கிட்ட வண்டி இருக்கே"ன்னாரு. சத்தியமா சொல்றேன், இந்த விஷயத்துல நான் கத்துக்கிட்ட ஒரே உருப்படியான பாடம் இதுதான், மிச்சம் எல்லாம் ஜோடன.

ஆனா நமக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. வீட்ல கெடைக்கறத வெச்சு பளபளன்னு ஆக்கிடணும்னு ஒரு வெறி வந்துச்சு.

மொதல்ல வினிகர். கடையில கெடைக்கற வெள்ள வினிகர்ல 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். நான் என்ன பண்ணேன், ரேஞ்சுல இருந்து வந்த டப்பா இருக்கே, கறுப்புத் தண்ணியோட, அதக் கீழ ஊத்தாம அதுக்குள்ளயே ஒரு பாட்டில் வினிகர கவுத்துட்டேன். கராஜ் கதவு சாத்தியிருந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல அழுகின முட்ட நாத்தம். சல்ஃபைடும் அமிலமும் சேந்தா வர்றது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது வெறும் நாத்தம் மட்டும் இல்ல, வெஷ வாயு. நான் கதவ தெறந்துட்டு வெளிய ஓடினேன். உள்ள என் மனைவி கேஸ் லீக்குன்னு நெனச்சு கொழந்தைய தூக்கிட்டு எதுத்த வீட்டுக்குப் போயி அங்க இருந்து கேஸ் கம்பெனிக்கு போன் போட்டுட்டா. வந்தவரு மீட்டர வெச்சு வீடு முழுக்க சுத்திட்டு கடைசியா கராஜ்ல என் டப்பாவ பாத்தாரு, என்னயப் பாத்தாரு, ஒண்ணும் எழுதிக்காம போயிட்டாரு. அதனால கேட்டுக்கோங்க, கறுப்புத் தண்ணி முழுசா போயி, சோப்புத் தண்ணியில ரெண்டு மூணு தடவ அலசி, தண்ணி தெளிஞ்சு வந்தப்புறம்தான் எந்தப் புளிப்பும் கிட்ட வரணும், அதுவும் வெளியில, காத்தாட.

அடுத்த தடவ ஒழுங்கா அலசிட்டு வினிகர்ல போட்டேன், ஆனா அப்படியே மறந்துட்டு தூங்கப் போயிட்டேன். காலையில பாத்தா இருவது பித்தளையும் ரோஸ் கலர்ல இருக்கு. தோட்டா பித்தளைங்கறது 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். புளிப்புல ரொம்ப நேரம் கெடந்தா மேல இருக்கற துத்தநாகம் கரைஞ்சு போயி செம்பு மட்டும் பல்ல இளிக்கும். லேசான ரோஸ்னா தோலோட சரி, ஒண்ணும் ஆகாதும்பாங்க சில பேரு. ராத்திரி முழுக்க ஊறினதுக்கு நான் அந்த நம்பிக்க வைக்கல, மூஞ்சிக்குப் பக்கத்துல வெச்சு வெடிக்கற சாமான் பாருங்க. தூக்கிப் போட்டேன்.

கோலா ஊத்திப் பாத்தேன், அதுல பாஸ்ஃபாரிக் அமிலம் இருக்கு, வேல செய்யுது, ஆனா சக்கரப் பிசுக்கு, எறும்பு. கெச்சப்பும் வேல செய்யும், அத இவ்வளவு சின்ன வாய்க்குள்ள இருந்து யாரு கழுவறது. உப்பும் வினிகரும் மாவும் கொழச்சுப் பூசறது செம்புப் பாத்திரத்துக்கு சரி, தோட்டாவுக்கு உப்பே வேணாம், குளோரைடு ஒளிஞ்சு உக்காந்துட்டு அப்புறமா அரிக்கும். பிளீச் பக்கமே போகாதீங்க, பித்தளையயும் கெடுக்கும், புளிப்போட சேந்தா குளோரின் வாயு வேற.

அம்மோனியா பத்தி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன், ஏன்னா அதுல நம்ம ஊரு மழ சம்பந்தப்பட்டிருக்கு. வெள்ளக்காரன் ராணுவம் இந்தியாவுல இருந்தப்போ மழக்காலத்துல தோட்டாவெல்லாம் குதிர லாயத்துல அடுக்கி வெப்பாங்களாம். மழ முடிஞ்சு எடுத்துப் பாத்தா பித்தள உறை தானா விரிசல் விட்டிருக்கும், யாரும் தொடாமலே. மழ சீசன்ல வர்றதால சீசன் கிராக்கிங்னே பேரு வெச்சுட்டாங்க. காரணம் வெளங்கினது 1921ல. குதிர மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியா, அடிச்சு இழுத்து செஞ்ச பித்தளைக்குள்ள ஏற்கனவே இருக்கற இறுக்கத்தோட சேந்து ஒடைச்சு விட்டுடுது. அதனால அம்மோனியா போட்ட கண்ணாடி துடைக்கற தண்ணி, பிராசோ மாதிரி பாலிஷ், ரெண்டும் கதவுக் கைப்பிடிக்கும் விளக்குக்கும் ஓகே, தோட்டாவுக்கு ஆகாது. அந்தக் குதிரைங்க பாவம், எத்தன வருஷம் யாரும் அதுங்கள சந்தேகப்படவே இல்ல.

கடைசியா நான் வந்து நின்னது எலுமிச்ச உப்புல, அதான் சிட்ரிக் ஆசிட். இங்க ஊறுகா ஜாம் போடற சாமான் வெச்சிருக்கற வரிசையில கெடைக்கும், நம்ம கடையிலயும் கெடைக்கும். ஒரு லிட்டர் சுடுதண்ணிக்கு ஒரு டீஸ்பூன், பத்து நிமிஷம், டைமர் வெச்சு. கண்ணு முன்னாடியே பழுப்பு கரையும், தண்ணி லேசா நீலப் பச்சையா ஆகும், அது கரைஞ்ச செம்பு. எடுத்து நல்லா அலசணும். சில பேரு சோடா உப்பு கலந்த தண்ணியில ஒரு முக்கு முக்கி மிச்சப் புளிப்ப அடக்குவாங்க. தனித்தனியா பண்ணா சரி, வினிகரும் சோடா உப்பும் ஒரே டப்பாவுல போட்டு மூடினா நொரச்சு மூடி பறக்கும், ரெண்டோட வேலயும் கேன்சல்.

இதுக்கு மேல ஒரு மெஷினும் வாங்கினேன், பேரு டம்ளர். மனைவிகிட்ட "ஒரு டம்ளர் வாங்கணும்"னு சொன்னேன், சரின்னுட்டா, அவ நெனச்சது காப்பி டம்ளர். வந்து எறங்கினது ரப்பர் வெச்ச இரும்பு டிரம்மு, கூடவே ரெண்டு கிலோவுக்கு மேல ஸ்டீல் ஊசி. தண்ணி, சோப்பு, கா டீஸ்பூன் எலுமிச்ச உப்பு, பித்தள, ஊசி எல்லாம் போட்டா மூணு மணி நேரம் கடகடன்னு உருட்டி உள்ள வெளிய குழி எல்லாம் தங்கமாட்டம் ஆக்கிடும். அந்த சத்தத்துல ஒருத்தரும் தூங்க முடியாது. அதுக்கப்புறம் எங்க வீட்ல நான் டம்ளர்னு வாயத் தெறந்தா "எந்த டம்ளர்"னு ஒரு கேள்வி வரும்.

இப்ப அம்மாவுக்கு வர்றேன். உள்ள போனவங்க திரும்பி வந்தாங்க, கையில ஒரு நெல்லிக்கா அளவு புளி, நனைச்சு பெசஞ்சது, கூட கல்லுப்பு. துண்டுல இருந்து ஒண்ண எடுக்கப் போனாங்க.

"தொடாதம்மா, ஈயம்!"

பிரைமர்ல ஈயம் கலந்த மருந்து இருக்கு, குண்டும் ஈயம். இந்த அழுக்கு சமையல் பாத்திரத்துகிட்ட, சிங்க்குகிட்ட வரவே கூடாது. கிளவுஸ் குடுத்தேன். "எத்தன விளக்கு தேச்சிருப்பேன், இதுக்குப் போயி கையில ஒற"ன்னு முணுமுணுத்துக்கிட்டே மாட்டினாங்க. பழைய பிளாஸ்டிக் கப்பு ஒண்ணுல வெச்சு, கட்ட வெரலும் ஆள்காட்டி வெரலும் போட்டு ஒரு தேப்பு. ஒரு நிமிஷம் கூட ஆகல. என் டம்ளர் மூணு மணி நேரம் பண்ற வேலய மிஞ்சி, செவந்த தங்கமா மின்னுது. புளியில டார்டாரிக் அமிலம், அதோட கல்லுப்பு, நார் வேற பிரஷ் மாதிரி தேய்க்குது. அம்மா அத வெளிச்சத்துல தூக்கிக் காட்டி என்னய ஒரு பார்வ பாத்தாங்க.

நான் வாங்கி வாய்ப்பக்கம் டார்ச் அடிச்சுக் காட்டினேன். உள்ள அப்படியே கறுப்பு. வெரல் போகாதே. அடியில நெருப்பு போற சின்ன ஓட்டையில புளி நாரு ஒண்ணு சிக்கிக்கிட்டிருந்துச்சு, ஊக்கால குத்தி எடுத்தேன். விளக்குக்கு வெளிப்பக்கம் மின்னினா போதும், சாமி அதத்தான் பாக்குது. தோட்டாவுக்கு நேர்மாறு, வெளிய மங்கலா பழுப்பா இருந்தா ஒண்ணும் குடி முழுகாது, உள்ள உப்பு மிச்சம் இருக்கக் கூடாது, குழியில கட்டி இருக்கக் கூடாது, அடிப்பக்கம் விரிசல் வருதான்னு கண்ணுக்குத் தெரியணும். அந்த வேலய தண்ணியும் சோப்பும், சுட்ட சூட்டோட போட்டா, சும்மாவே பண்ணிடும்.

அம்மா டார்ச்ச வாங்கி அவங்களும் எட்டிப் பாத்தாங்க. "அப்ப இந்த மெஷின எதுக்கு வாங்கின?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

அந்த ஒரு செவப்புத் தோட்டா இன்னும் கராஜ் ஜன்னல் விளிம்புல இருக்கு, நெரப்பறதில்ல. ஆறு மாசத்துல மறுபடி மங்கிப் போச்சு, அம்மா தேச்ச வெரல் போன தட மட்டும் லேசா தெரியுது.

இப்ப என் வழக்கம் இவ்வளவுதான்: ரேஞ்சுலயே பிரைமர தட்டிட்டு சோப்புத் தண்ணி டப்பாவுல போட்டுடறது, வீட்டுக்கு வந்ததும் வெளியில கவுத்து அலசறது, பாட்டில் கழுவற பிரஷ்ஷால உள்ள ஒரு சுத்து. நாலு தடவைக்கு ஒரு தடவ எலுமிச்ச உப்பு. துண்டுல வாய கீழ வெச்சு வெயில்ல காய விடறது. ஓவன்ல வெக்கறதில்ல, ஈயமும் ஒரு காரணம், ரொம்ப சூடு ஏறினா பித்தள மெத்துன்னு ஆயிடும்ங்கறது இன்னொரு காரணம். டம்ளர் மூணு மாசமா ஓடல.

போன வாரம் ராட்டன் போயிட்டு வந்தேன். பழகிப் பாக்கறதோட சேத்து அறுவது குண்டு, கோழி மட்டும் வழக்கம் போல மானத்த வாங்கிடுச்சு, மத்தது பரவால்ல. துண்டுல எண்ணிப் பாத்தா அம்பத்தொம்பது. வண்டியில தேடினேன், பையில தேடினேன், இல்ல. ரெண்டு நாள் கழிச்சு வாஷிங் மெஷின்ல இருந்து துணி எடுக்கறப்போ டங்குன்னு ஒரு சத்தம். ஜீன்ஸ் பாக்கெட்டுல இருந்திருக்கு. பிரைமரோடயே. எடுத்து உள்ள டார்ச் அடிச்சேன், சுத்தமோ சுத்தம். அந்த மெஷின வெறும் தண்ணியில ரெண்டு ஓட்டு ஓட்டி, ஜீன்ஸயும் கூட இருந்த துணியையும் திரும்பத் தனியா தொவச்சுப் போட்டேன். ஏன் இவ்வளவு தொவைக்கறேன்னு மனைவி கேட்டா. பொறுப்பு வந்திருச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.